ஊதுபத்திக் கல்

20 செப்டம்பர் 2023, புதன்

இருபத்திரண்டு ஆண்டுகள் வாயை மூடிக்கொண்டு இருந்தாயிற்று. இனி முடியாது.

இன்று தபாலில் ஓர் அழைப்பு வந்தது. பெங்களூரில் இருக்கும் கோதண்டபாணி ஆய்வுப் பணியில் முப்பது ஆண்டுகளை முடிக்கிறானாம். அவனுடைய மாணவர்கள் பாராட்டு மலர் போடுகிறார்களாம். "ஐயாவின் கல்லூரித் தோழரும், களப்பணிகளில் உடன் நின்றவருமான தாங்கள்" ஒரு கட்டுரை தர வேண்டுமாம். கடைசி நாள் அக்டோபர் 31. உடன் நின்றவர். குடை பிடித்துக்கொண்டு நின்றேன் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். 2001இல் அரியலூர்ப் பக்கம் ஓர் ஓடையில் நானும் அவனும் இரண்டு துண்டுகள் எடுத்தோம். அவன் அதை டைனோசரின் முதுகெலும்பு என்றான். சாதாரண டைனோசர் இல்லை, சாரோபாட். நீண்ட கழுத்தும் நீண்ட வாலும் தூண் போன்ற நான்கு கால்களுமாய், பத்து யானை கனத்தில் இலை தின்றுகொண்டு திரிந்த இனம். புதிய பிராணி என்று ஒரு பெயரும் வைத்துக் கட்டுரை வெளியிட்டான். கட்டுரையில் என் பெயர் இல்லை. கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் இடத்தில், ஜீப் டிரைவருக்கும் டீக்கடைக்காரருக்கும் நடுவில் இருந்தது.

துண்டுகள் இரண்டும் அடுத்த மழைக்காலத்தில் பொலபொலவென்று உதிர்ந்துபோயின. மிச்சம் நான்கு புகைப்படங்கள். அது எலும்பே இல்லை, கல்லாகிப்போன மரம் என்று இப்போது வெளிநாட்டுக்காரர்களும் எழுதுகிறார்கள். நான் அன்றைக்கே சொன்னேன்.

அவன் வைத்த பெயரை இந்த நோட்டில் எழுத மாட்டேன். 'அவன் பிராணி' போதும். ஆனால் கட்டுரையின் கீழே என் பெயர், பட்டங்கள், பதவி எல்லாம் முழுசாக இருக்கும்.

வாங்க வேண்டியவை: ஷேவிங் பிளேடு, மூட்டுவலித் தைலம்.

21 செப்டம்பர், வியாழன்

வனஜாவிடம் சொன்னேன். என் மனைவி திருச்சித் தலைமைத் தபால் நிலையத்தில் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள். நாள் முழுக்க அடுத்தவர் எழுதிய முகவரியில் தப்பு கண்டுபிடித்துப் பழகியவள்.

"ஒண்ணு கேக்கறேன். அது மரம்தான்னு நீங்க சொன்னீங்க."

"ஆமா."

"அப்ப மரத்தைப் பத்தித் தப்பா எழுதுன கட்டுரை அது."

"ஆமா."

"அதுல உங்க பேரு இல்லைன்னு ஏன் இருபத்திரண்டு வருஷமா பொருமறீங்க?"

அது வேறு, இது வேறு என்றேன். எது வேறு என்றாள். தோசை கருகுகிறது என்றேன். உண்மையிலேயே கருகியது.

25 செப்டம்பர், திங்கள்

நவம்பரில் தர மதிப்பீட்டுக் குழு வருகிறது. பிரின்சிபால் கூப்பிட்டு எனக்கு அருங்காட்சியகப் பொறுப்பைக் கொடுத்தார். நான் பாடம் நடத்தும் நிலவியல் துறைக்குத் தலைவர், என்னைவிட நான்கு வயது இளையவர். எனக்கு மாடிப்படிக்குக் கீழே உள்ள அறையும் அதிலுள்ள கற்களும். "உங்க அனுபவத்துக்கு ஏத்த வேலை சார்" என்றார். கல்லோடு கல்லாக இருந்துகொள் என்பதை இவ்வளவு மரியாதையாகச் சொல்ல முடியும் என்று எனக்குத் தெரியாது.

ஆனால் இந்த முறை எனக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். அந்த அறையில் என் ஆயுதம் இருக்கிறது. ரயில் பாதை போட வந்த ஹாலிடே என்ற எஞ்சினியர், வழியில் பொறுக்கிய கற்களை 1931இல் எங்கள் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் ஒன்று நாங்கள் துண்டுகள் எடுத்த அதே ஓடையில் கிடைத்தது. 1996இல், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அதைப் பார்த்துக் கல்மரம் என்று அடையாளம் சொன்னேன். இப்போது அதில் ஒரு மூலையை வெட்டி, மெல்லிய சீவலாகத் தேய்த்து, மைக்ராஸ்கோப்பில் மரத்தின் அறைகளைப் படமெடுத்துக் கட்டுரையில் போட்டால் போதும். அவன் பிராணி கிளைவிட்டு நிற்கும்.

26 செப்டம்பர், செவ்வாய்

பழைய பதிவேடு கிடைத்தது. பாதியைக் கரையான் படித்து முடித்திருக்கிறது. எண் 214. 'பெரிய எலும்பு?' என்று ஹாலிடே ஆங்கிலத்தில் கேள்விக்குறியோடு எழுதியிருக்கிறார். அதன்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில்: 'கல்மரம். கிளை முறிந்த தழும்பு தெளிவு.' அடியில் என் சுருக்கொப்பம். இருபத்தாறு வயதில் எவ்வளவு உறுதியான கோடு போட்டிருக்கிறேன். தண்டவாளம் போடுகிறவர் எலும்பு என்றால் எலும்பாகிவிடுமா.

அந்தப் பக்கத்தில் மடித்த தாள் ஒன்று செருகியிருந்தது. யாராவது அடையாளத்துக்கு வைத்திருப்பார்கள். அப்படியே விட்டேன்.

29 செப்டம்பர், வெள்ளி

மூன்று நாளாகத் தேடியும் 214 கிடைக்கவில்லை. அருங்காட்சியகத்துக்கு ஓர் அட்டெண்டர் உண்டு. சவுந்திரவல்லி. மாமனார் பார்த்த வேலையைக் கணவர் பார்த்தார். அவர் இறந்த பிறகு, 2001இல் இருந்து இவர் பார்க்கிறார்.

"இருநூத்திப் பதினாலு எங்க இருக்கு?"

"நம்பர் எல்லாம் எனக்குத் தெரியாது சார். ஆளு எப்படி இருப்பாருன்னு சொல்லுங்க."

"கல்மரம். சின்னப் பீப்பாய் மாதிரி. இடுப்பு சிறுத்திருக்கும்."

"ஊதுபத்திக் கல்லா? அதைச் சொல்ல வேண்டியதுதான. இவ்வளவு நாளா அதுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டுதான் தேடறீங்க."

மூலையில் சரஸ்வதி படம். படத்துக்குக் கீழே ஒரு மர ஸ்டூல். ஸ்டூல்மேல் என் ஆயுதம். மேல்பக்கம் முழுக்கச் சந்தனம் மெழுகி வழவழவென்று இருந்தது. நடுவில் குங்குமம். அதில் குத்திய ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் இதற்குச் சந்தனக்காப்பாம். மாமனாருக்கு முன்னால் இருந்தவர் ஆரம்பித்த வழக்கமாம். 1996இல் நான் பார்த்தபோதும் இந்தக் கோலத்தில்தான் இருந்தது என்பது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"எனக்கு இது வேணும். வெட்டிப் பார்க்கணும்."

"வெட்டறதா? காலையில வந்ததும் இதுக்கு முன்னாடி நின்னு கும்பிட்டுட்டுத்தான் சார் ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போடறேன். பூஜைக்கு மூணு வாரம்தான் இருக்கு."

பதிலுக்கு அழகான அம்மோனைட் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். பத்து கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் இருந்த நத்தை போன்ற பிராணி, சுருள் சுருளாக, குறை ஒன்றும் இல்லாதது. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாம்பு சுருட்டிக்கிட்டுப் படுத்திருக்குற மாதிரி இருக்கு. இது ஆவாது சார்."

கடைசியில் ஓர் ஒப்பந்தம். பூஜைக்கு முன் கல் ஸ்டூலுக்குத் திரும்ப வேண்டும். வெட்டுவது அடிப்பக்கத்தில் நகக்கண் அளவுதான். என் முப்பது வருடப் படிப்பு ஸ்டூலோடு பேரம் பேசுகிறது.

4 அக்டோபர், புதன்

தோட்டக்காரரும் நானுமாகக் கல்லை ஆய்வகத்துக்குக் கொண்டு வந்தோம். முப்பது கிலோவுக்குக் குறையாது. முழங்காலில் நேற்றைய வலியும் நாளைய வலியும் இன்றே சேர்ந்து வந்துவிட்டன.

கவிழ்த்து வைத்துப் பார்த்தேன். என் கிளைத் தழும்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. நீள்வட்டமாக ஒரு பொந்து, விளிம்பு தேய்ந்து. முறிந்த கிளையின் அடி வேறு எப்படி இருக்கும்? ஒரு முனை பந்துபோலப் புடைத்தும், மறுமுனை கிண்ணம்போலக் குழிந்தும் இருக்கிறது. ஓடைத் தண்ணீர் உருட்டியதால் வந்த தேய்மானம் என்று 1996இல் குறித்திருக்கிறேன். சரியான குறிப்புதான்.

வெட்டும் இயந்திரத்தின் பெல்ட் அறுந்திருக்கிறது. வர ஒரு வாரம். அதுவரை சும்மா இருப்பானேன், மேல்பக்கச் சந்தனத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்யலாம் என்று இருக்கிறேன். படத்துக்கு நன்றாக இருக்கும்.

6 அக்டோபர், வெள்ளி

வெந்நீர், பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற ஊசி, பழைய பிரஷ். சுகமான வேலை. சந்தனம் சிமென்டுபோல இறுகியிருக்கிறது. ஒவ்வொரு பூஜைக்கும் ஒரு படலம்: மஞ்சள், இடையில் சிவப்பாகக் குங்குமம், கொஞ்சம் சாம்பல், மறுபடி மஞ்சள். பாறை அடுக்குகளைப் படிப்பதுபோல மேலிருந்து எண்ணிக்கொண்டு வந்தேன். இருபத்திரண்டாவது படலத்துக்குக் கீழே சந்தனத்தின் தரம் திடீரென்று உயர்கிறது. சவுந்திரவல்லியிடம் கேட்டேன். அவர் கணவர் காலத்தில் துறையே சந்தனக்கட்டை வாங்கிக் கொடுக்குமாம். இப்போது பாக்கெட் பொடியாம். உதிர்ந்த ஊதுபத்திகளின் அடிக்குச்சி இதுவரை நூற்றுப் பதினேழு.

மாலைக்குள் இரண்டு விரற்கடை ஆழம் போய்விட்டேன். கல் இன்னும் தட்டுப்படவில்லை. இந்த இடத்தில் இவ்வளவு ஆழம் இருக்க வேண்டியதில்லை.

7 அக்டோபர், சனி

கை உள்ளே போகிறது.

9 அக்டோபர், திங்கள்

மழை. கல்லூரிக்குப் போகவில்லை.

10 அக்டோபர், செவ்வாய்

நேற்று மழை பெய்யவில்லை என்கிறாள் வனஜா. மொட்டை மாடியில் போட்ட வற்றல் நன்றாகக் காய்ந்துவிட்டதாம். இருக்கலாம்.

பார்த்ததை எழுதுகிறேன். மேல்பக்கச் சந்தனம் ஒரு பூச்சு அல்ல. ஒரு பள்ளத்தை நிரப்பி மெழுகிய அடைப்பு. முதல் ஆள், கல்லில் ஒரு குழி இருக்கிறது, ஊதுபத்தி குத்த வசதி என்று நினைத்திருக்க வேண்டும். அடுத்தடுத்து வந்தவர்கள் நிரப்பிச் சமமாக்கிவிட்டார்கள். இப்போது சுத்தமாக்கிவிட்டேன். நீள்வட்டப் பள்ளம். கீழே இருக்கும் பொந்துக்கு நேர் எதிரே. அளவு கருவி வைத்துப் பார்த்தேன். முனையிலிருந்து இரண்டும் ஒரே தூரம், ஒரே நீளம், ஒரே சாய்வு. ஒன்று இடம் என்றால் மற்றது வலம்.

மரத்துக்கு இடம் வலம் கிடையாது. விலங்குக்கு உண்டு.

தேய்ந்துபோன கீழ்ப் பொந்தில் இல்லாதது ஒன்றும் மேலே இருக்கிறது. பள்ளத்துக்குள் சாய்வாக ஒரு மெல்லிய தடுப்பு, அப்பளம் தடிமனில். இந்தச் சந்தனம் மட்டும் இல்லாதிருந்தால் அது என்றைக்கோ உடைந்து போயிருக்கும். தொண்ணூறு வருடமாக மறைத்ததும் சந்தனம், காப்பாற்றியதும் சந்தனம்.

தடுப்பின் ஓரத்தில் ஒரு சில்லு உதிர்ந்த இடத்தில் உள்ளே தேனடைபோல நுண்ணிய அறைகள். பெரிய சாரோபாட்களின் முதுகெலும்பில் காற்று நிரம்பிய அறைகள் உண்டு, பறவைகளுக்கு இருப்பதுபோல. பத்து யானை கனத்தைத் தூக்கி நடக்க எலும்பைக் குடைந்து இலேசாக்கி வைத்திருக்கிறது உடம்பு. இதை நான் ஆண்டுதோறும் இரண்டாம் ஆண்டு வகுப்பில் நடத்துகிறேன். பந்துபோன்ற முனையையும் கிண்ணம்போன்ற முனையையும்கூட நடத்துகிறேன். ஒன்றின் பந்து அடுத்ததன் கிண்ணத்தில் உட்காரும் என்று கரும்பலகையில் படம் போடுகிறேன்.

அவன் பிராணிக்கு அவன் சொன்ன முக்கிய அடையாளம், பக்கப் பள்ளத்தில் சாய்வான தடுப்பு. புகைப்படத்தில் அது மங்கலாக இருந்ததால் ஒருவரும் நம்பவில்லை.

எதற்கும் சீவல் எடுத்துப் பார்த்துவிடலாம். கண்ணை நம்ப முடியாது. குறிப்பாக என் கண்ணை.

12 அக்டோபர், வியாழன்

பெல்ட் வந்தது. அடிப்பக்கத்தில் நகக்கண் அளவு வெட்டினேன். மைக்ராஸ்கோப்பில் வரிசை வரிசையான மர அறைகள் இல்லை. வட்ட வட்டமாக நுண்குழாய்கள். எலும்பு.

மதியம் தயிர்சாதம். இறங்கவில்லை. வெயில்.

13 அக்டோபர், வெள்ளி

பதிவேட்டில் செருகியிருந்த தாளைப் பிரித்தேன். கோதண்டபாணி எனக்கு எழுதிய கடிதம். தேதி 2001 ஆகஸ்ட் 3. அப்படியே எழுதி வைக்கிறேன்.

'மாசி, ஓடைத் துண்டில் பக்கத்தில் ஒரு பள்ளம், உள்ளே சாய்வாக ஒரு தடுப்பு. நீ கிளைத் தழும்பு என்கிறாய். உங்கள் காலேஜ் மியூசியத்தில் சந்தனம் பூசிய கல் ஒன்று இருக்கிறதே, அதை ஒரு தடவை கழுவிப் பார். அதிலும் இந்தத் தடுப்பு இருந்தால் இரண்டும் எலும்பு. இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. நீ பார்த்துச் சொன்ன பிறகுதான் கட்டுரையை அனுப்புவேன். உன் பெயர் முதலில், என் பெயர் அடுத்து. ஒரு பக்கெட் தண்ணீர் போதும்டா.'

அதே தாளின் பின்பக்கத்தில் பதிலின் முதல் வரைவு.

'அன்புள்ள கோதண்டபாணிக்கு, பாத்திரம் கழுவுவதற்கு நான் முனைவர் பட்டம் வாங்கவில்லை. மரத்தை மிருகமாக்கும் கட்டுரையில் என் பெயர் எந்த இடத்திலும் வேண்டாம். உதவி செய்தவர்களுக்கு நன்றி சொல்ல ஆசையாக இருந்தால் ஜீப் டிரைவருக்குச் சொல்.'

கையெழுத்து என்னுடையது. கடிதம் எப்படிப் பதிவேட்டுக்குள் வந்தது என்று நினைவில்லை.

பால் இரண்டு பாக்கெட். மின்கட்டணம் கட்ட வேண்டும்.

16 அக்டோபர், திங்கள்

மதியம் ஆய்வகத்தில் இருந்தபோது போன். தெரியாத எண்.

"டேய் மாசி. உயிரோட இருக்கியா?"

"யாரு பேசறது?"

"யாரா? நம்பரை அழிச்சிட்டியா பாவி?"

அழித்தது உண்மைதான். சொல்லவில்லை.

"மலருக்கு உன்கிட்ட கேட்கச் சொன்னதே நான்தான்டா. பதினெட்டுக் கட்டுரை வந்திருக்கு. பதினெட்டுலயும் நான் நல்லவன், எளிமையானவன், சிரிச்ச முகம். படிக்கப் படிக்க எனக்கே சந்தேகமா இருக்கு, போய்ச் சேர்ந்துட்டேனோன்னு. நீயாவது திட்டி எழுதுடா."

"எதைப் பத்தித் திட்டறது?"

"மரத்தைப் பத்தி எழுது. அதான் ஊரே சொல்லுதே. உலகத்துல உள்ள டைனோசருக்கெல்லாம் புதுசா ஒரு பட்டியல் போடறான் ஒருத்தன். ஜனவரியில வருது. என்னோடதை எடுத்துட்டேன்னு போன வாரம் மெயில் அனுப்பினான். மரியாதையாத்தான் எழுதியிருக்கான். எலும்புன்னு சொல்ல ஆதாரம் இல்லை, வருந்துகிறேன்னு." சிரித்தான். சிரிப்பு வழக்கமான நீளம் இல்லை. "முப்பது வருஷத்துல நான் பேரு வெச்சது அது ஒண்ணுக்குத்தான். சரி, போவட்டும். ஆமா, உங்க காலேஜ்ல சந்தனம் பூசின கல்லு ஒண்ணு இருந்துச்சே. இன்னும் இருக்கா?"

கல் என் முன்னே மேசைமேல் ஈரம் காயாமல் உட்கார்ந்திருந்தது.

"கவனிச்சதில்லை" என்றேன்.

"சரி விடு. முட்டிவலி எப்படி இருக்கு? மாடிப்படி ஏறாத."

என் முட்டிவலி அவனுக்கு எப்படித் தெரியும் என்று வீட்டுக்கு வந்து வனஜாவைக் கேட்டேன்.

"பொங்கலுக்குப் பொங்கல் போன் பண்ணுவாரு. நீங்க பேப்பர் திருத்திக்கிட்டு இருப்பீங்க. தொந்தரவு பண்ணாதம்மான்னு வெச்சிடுவாரு."

"எத்தனை பொங்கலா?"

"எல்லாப் பொங்கலும்தான்."

18 அக்டோபர், புதன்

யோசித்துப் பார்த்தால், நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. கல் ஸ்டூலுக்குத் திரும்பும். வருடம் போகப் போகப் பள்ளம் மறுபடி நிரம்பிவிடும். ஜனவரியில் பட்டியல் வரும். நான் 1996இல் சொன்னது சரியாகவே இருக்கும். இதைவிடச் சுலபமான வெற்றி யாருக்கும் கிடைத்ததில்லை.

சவுந்திரவல்லி ஆய்வகத்துக்கு வந்து கல்லைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"என்ன சார், வயித்துல இவ்வளவு பெரிய குழி. எங்க வீட்டுக்காரர் இதைப் பார்த்ததே இல்லை. இப்ப இது என்னன்னு வெச்சிருக்கீங்க?"

"எலும்பு. பெரிய விலங்கு ஒண்ணோட முதுகெலும்பு."

"நீங்க மரம்னீங்க. பிரின்சிபால் கல்லுன்னாரு. நாங்க சாமின்னோம். இப்ப ஒருத்தர் சொன்னதும் சரியில்லையா?"

"ஹாலிடேன்னு ஒரு வெள்ளைக்காரர் சரியாச் சொன்னாரு. அப்புறம் இன்னொருத்தர்."

"யாரு, அந்தக் கடுதாசிக்காரரா?"

எந்தக் கடிதம் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"பதிவேட்டுக்குள்ள இருக்குல்ல சார். நான் வேலைக்குச் சேர்ந்த வாரம், நீங்கதான வெச்சீங்க. தூசி தட்டும்போது இந்தத் தாளை மட்டும் எடுத்துடாதீங்க, என்னைக்காவது வேணும்னீங்க. இருபத்திரண்டு வருஷமா அந்தப் பக்கத்துக்கு மட்டும் நாஃப்தலின் உருண்டை தவறாம போட்டுக்கிட்டு வர்றேன். மத்தப் பக்கத்தையெல்லாம் கரையான் தின்னுடுச்சு, அதைத் தின்னுச்சா பாருங்க."

தின்னவில்லை. ரொம்ப நல்லது என்றேன்.

19 அக்டோபர், வியாழன்

கட்டுரை எழுத உட்கார்ந்தேன். முதல் வரைவு: 'எங்கள் அருங்காட்சியகத்தில் நான் கண்டறிந்த சாரோபாட் முதுகெலும்பு.' கிழித்தேன். இரண்டாவது: 'சில தவிர்க்க இயலாத காரணங்களால் இதுவரை தவறாக அடையாளம் காணப்பட்டிருந்த.' எந்தக் காரணம் தவிர்க்க இயலாதது என்று எனக்கே விளங்கவில்லை. ஒரு பக்கெட் தண்ணீரா? கிழித்தேன். கீழே பெயரும் பட்டங்களும் பதவியும் போட்டுப் பார்த்தேன். நான்கு வரி வந்தது. எலும்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

20 அக்டோபர், வெள்ளி

திங்கட்கிழமை விடுமுறை என்பதால் கல்லூரியில் இன்றே ஆயுத பூஜை. கல் ஸ்டூலுக்குத் திரும்பியது. சவுந்திரவல்லி கிண்ணத்தில் சந்தனத்தோடு நின்றார்.

"பூசக்கூடாது" என்றேன்.

"பொட்டு?"

"பொட்டும் கூடாது."

"பூவாவது வெக்கலாமா, இல்ல அதுக்கும் உங்க சட்டத்துல இடம் இல்லையா?"

பூ வைக்கலாம் என்றேன். கனகாம்பரம் வைத்தார். ஊதுபத்தியை ஒரு வாழைப்பழத்தில் குத்திப் பக்கத்தில் வைத்தார். பிரின்சிபால் வந்து பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு, "என்ன சார், இந்தக் கல்லுல ஓட்டை போட்டது யாரு?" என்று கேட்டார். ஓட்டை முதலிலிருந்தே இருந்தது, பார்க்காமல் விட்டவன் நான் என்றேன். அவர் சுண்டலில் கவனமாக இருந்தார். ஆனால் சொல்லிவிட்டேன். சத்தமாக.

அறையில் எல்லாக் கருவிகளுக்கும் பொட்டு வைத்தாயிற்று. என் மைக்ராஸ்கோப்புக்கும்.

23 அக்டோபர், திங்கள்

விடுமுறை. எழுதி முடித்தேன். மூன்று பக்கம். அளவுகள், ஏழு படங்கள், பதிவு எண், ஓடையின் இடம். 1996இல் எழுதப்பட்ட அடையாளம் தவறு என்று ஒரு வரி. தடுப்பின் படம் பெரிதாக, அதன் பக்கத்தில் 2001 கட்டுரையின் படம். யார் பார்த்தாலும் தெரியும். மலர்க்குழுவுக்கு ஒரு பிரதி, அவர்கள் பட்டியல் போடுகிறவருக்கு அனுப்ப ஆங்கிலத்தில் ஒரு பிரதி, இரண்டும் ஒரே உறையில்.

சந்தனத்தை மூன்று தலைமுறையாகப் பூசிப் பாதுகாத்த அட்டெண்டர்களுக்கு நன்றி என்று கடைசியில் போட்டிருக்கிறேன். ஜீப் டிரைவர் பெயர் தெரியவில்லை. தெரிந்திருந்தால் போட்டிருப்பேன்.

24 அக்டோபர், செவ்வாய்

கோதண்டபாணியின் கடிதத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டும். கழுவிப் பார்க்காமலே 2001இல் அவன் சொல்லியிருக்கிறான் என்பதற்கு அதுதான் சாட்சி. மூலம் பதிவேட்டுக்கே திரும்பட்டும், அதன் இடம் அதுதான். ஜெராக்ஸ் போதும்.

ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் போதும் என்று கடை வரை போனேன்.

"ஒரு சைடா, இரண்டு சைடா சார்?" என்றார் கடைக்காரர்.

எனக்குப் பின்னால் நான்கு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். சீக்கிரம் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு சைடும் என்றேன்.

25 அக்டோபர், புதன்

இன்று காலை கட்டுரையையும் ஜெராக்ஸையும் வனஜாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூன்று பக்கமும் படித்தாள். பிறகு கடிதத்தின் இரண்டு பக்கத்தையும் படித்தாள். பின்பக்கத்தை இரண்டு தடவை.

"ரெஜிஸ்டர் தபால்ல போட்டுடலாமா?"

"வேண்டாம். சாதாரணத் தபால்."

"ஏன்?"

"ரெஜிஸ்டர்னா அனுப்புநர் பேரு கேப்பீங்க."

"பேரு போடலையா? கட்டுரை அடியிலயும் இல்லையே." கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். "இருபத்திரண்டு வருஷமா பேரு இல்லை, பேரு இல்லைன்னு என் உசிரை எடுத்தது யாரு? இப்ப போட்டா யாரு தடுக்கப்போறா?"

"போட்டா நான் கண்டுபிடிச்சதுன்னு ஆயிடும்."

"நீங்கதான கண்டுபிடிச்சீங்க."

"நான் கழுவினேன். அவ்வளவுதான்."

உறையில் மலர்க்குழுவின் முகவரியைச் சரி பார்த்தாள். பின்கோடில் ஓர் எண்ணைத் திருத்தினாள். தபால்தலைகளை ஒட்டிவிட்டு, "எங்க கவுண்டருக்கு வராதீங்க. வந்தா நான் அனுப்புநர் பேரை எழுதிடுவேன். தெருமுனைப் பெட்டியில போடுங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

கட்டுரையின் தலைப்பை ஒருமுறை படித்துப் பார்த்தேன். 'மருதையாசாரஸ்: மேலும் ஒரு முதுகெலும்பு.' அரியலூரில் ஓடும் மருதையாற்றின் பெயரை வைத்திருக்கிறான். மோசமான பெயர் என்று சொல்ல முடியாது.

உறை மேசைமேல் இருக்கிறது. குளித்துவிட்டு, போகிற வழியில் போடப் போகிறேன், பெயர் இல்லாமலே. மலர்க்குழு காட்டும்போது, எங்கிருந்து வந்தது என்று அவன் கேட்க மாட்டான், முதல் வரியிலேயே தெரிந்துவிடும். மூன்று பக்கத்திலும் அவனை நல்லவன் என்று ஓரிடத்தில்கூட எழுதவில்லை. திட்டி எழுதச் சொன்னான் அல்லவா, அது ஜெராக்ஸின் பின்பக்கத்தில் இருக்கிறது.